மகப்பேற்றுத் துணை

காவிரி பெருகி வழிமறித்தமையால் தாய் வந்து சேராளாக, இறைவனே தாயுருக்கொண்டு இரத்தினாவதியின் மகப்பேற்றுக்குத் துணைநின்றான் என்பது திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதை. யாம் கிறிஸ்தவராயினும் இக்கதையில் மிக்க ஈடுபாடுடையோம். நோவுற்ற பெண்ணின் அருகே தாயிருத்தலை நம் முன்னோர் எத்துணை இன்றியமையாததாக எண்ணினர்!

இன்று காவிரிக்குப் பாலங்கள் உள. ஆயினும், மோகனூரை அடுத்த எம் சிற்றூருக்குத் தலைப்பேற்றுக்கென வந்த தமக்கையார் மருத்துவமனையொன்றிற் சேர்க்கப்பட்டபோது, எம் அன்னையார் பேற்றறை வாயிலிலேயே இரவு முழுதும் நிற்க நேர்ந்தது. மருத்துவம் செவ்வனே நடந்தது. தாயும் சேயும் நலமே. எனினும் அவ்விரவின் தனிமையைத் தமக்கையார் இன்னும் மறந்திலர்.

மேனாட்டில் இத்துணைப் பணியைப் பயின்று செய்வாரை 'டூலா' என்பர். பணிமகள் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அது. இவர் மருத்துவச்சி அல்லர். இடுப்பை நீவுதல், நடக்கச் செய்தல், நீரருந்தச் செய்தல், அஞ்சேல் எனல் இவையே இவர்தம் தொழில். எளியவெனத் தோன்றும் இவற்றின் பயன் பெரிது. 17 நாடுகளில் 15,000-க்கு மேற்பட்ட மகளிரிடம் நடந்த 26 ஆய்வுகளைக் காக்ரேன் குழுவினர் 2017-இல் தொகுத்து நோக்கினர். இடையறாத துணை பெற்றாரிடை இயற்கைப் பேறு மிகுந்து, அறுவை குறைந்து, நோவுக்காலமும் சுருங்கியதென்று கண்டனர். 2019-21 கணக்கின்படி தமிழகத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேறுகள் அறுவையால் நிகழ்ந்தன. அவையனைத்தும் துணையின்மையால் விளைந்தன என யாம் கூறோம். ஆயினும் செலவற்ற இவ்வுதவியைப் புறக்கணித்தல் தகுமோ?

கூட்டம் பெருகும், நோய் தொற்றும், பிற மகளிர் நாணுவர் என்பர் சிலர். இவை பொய்யல்ல. இவற்றைக் கருதியே 2016-இல் மத்திய அரசு துணையிருத்தற்கு நெறிகள் வகுத்தது. துணைவருவார் உறவுப்பெண்ணாக, கூடுமாயின் தாமும் பிள்ளை பெற்றவராக இருத்தல் வேண்டும். தொற்றுநோயின்றித் தூய ஆடை அணிந்திருத்தல் வேண்டும். மருத்துவர் பணியிற் குறுக்கிடலாகாது. தமிழக அரசு மருத்துவமனைகளிலோ இத்திட்டம் 2004-இலேயே தொடங்கிற்று.

இசைவு மட்டும் போதாது. கருப்பைவாய் திறக்குமுன்னரே "முக்கு, முக்கு" என வற்புறுத்தும் பெரியோரும், அலறுவாளை அதட்டும் பெரியோரும் நம்மூர்களில் உளர். அன்பு இருந்தும் அறியாமையால் துன்பஞ் செய்வர். ஆதலின், சேலம் நாமக்கல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கருவுற்றாரோடு துணையிருக்கப் போகும் தாயையோ அத்தையையோ அழைத்து, ஒருமணிநேரமேனும் பயிற்றுதல் நன்று. கிராம சுகாதாரச் செவிலியர்க்கு இது அரிதன்று.

வரும் தையில் தமக்கையார்க்கு இரண்டாம் பேறு. அன்னையாரை உள்ளே விடுவரோ என முன்னரே வினவிய பின்பே மருத்துவமனையைத் தெரிவதென்று முடிவு செய்துள்ளோம்.