வடம் பிடிக்க ஊர் வேண்டும்

கணினித் திரையில் வாளும் சூலமும் மோதும் விளையாட்டுகளைக் கண்டு நம் ஆசிரியர் பலர் முகஞ் சுளிக்கின்றனர். மாணவரின் பொழுதை அவை கெடுக்கின்றன என்பது அவர்தம் குறை. அதில் உண்மையுண்டு. ஆயினும், அவ்விளையாட்டுகளை ஆக்குவதும் ஒரு கலையே என்பதை நாம் இன்னும் எண்ணிப் பார்த்தோமில்லை.

இந்தியாவில் புனே நகரத்துச் சிறு குழுவொன்று ஆக்கிய 'ராஜி' என்னும் விளையாட்டின் வரலாறு கருதத்தக்கது. 2017இல் அக்குழு, 'கிக்ஸ்டார்ட்டர்' என்னும் இணையத்தளத்தின் வழியே பொதுமக்களிடம் பொருளுதவி வேண்டிற்று. வேண்டிய தொகை சேரவில்லை. குழுவை நிறுவியோருள் ஒருவரான சுருதி கோஷ் தம் வீட்டை விற்றுப் பணியைத் தொடரச் செய்தார். 2020இல் விளையாட்டு வெளிவந்தது. உலக அளவிலான விருதொன்றில், சிறந்த முதற் படைப்புக்கான பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

அதன் கவர்ச்சி சண்டையின் விரைவு மட்டுமன்று. கவர்ந்து செல்லப்பட்ட தம்பியை மீட்கச் சூலமேந்திப் புறப்படும் சிறுமி, இராசத்தான் கோட்டைகளை நினைவூட்டும் மாடங்கள், பஹாரி ஓவியத்தின் வண்ணம், கதை சொல்லும் நிழற்பாவைகள் ஆகிய யாவும் அந்நாட்டு மரபின் செல்வங்கள். முடிவு சட்டென அறுந்துவிடுகிறது என்று குறைகூறியோரும் அதன் அழகை மறுத்திலர்.

மட்டக்களப்பு வாவிக் கரையில் நமக்கு இத்தகைய செல்வம் இல்லையா? கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த கொம்புமுறி ஒரு போராட்ட விளையாட்டே அன்றோ! வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து, வளைந்த மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, முறியும்வரை இழுப்பதில் எத்துணை விறுவிறுப்பு! வடமோடிக் கூத்தின் போர்க்காட்சிகளும் நமக்குண்டு. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் உள்ளன. கூத்தறிந்தோரையும் கணினி அறிந்தோரையும் ஓரிடத்தில் அமர்த்துவது அரிய செயலன்று.

அரியது பொருளுதவியே. ஒருவர் தம் வீட்டை விற்றுக் கலையைக் காத்தமை போற்றத்தக்கது. விற்கவேண்டி நேர்ந்தமை சமுதாயத்துக்குப் பெருமையன்று. விழாவுக்கும் மலருக்கும் வாரி வழங்கும் நம்மவரும் புலம்பெயர்ந்த உறவினரும், இத்தகைய இளைஞர் முயற்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்கல் வேண்டும். கொம்பைத் தனியொருவர் இழுத்ததில்லை. ஊரே வடம் பிடித்தது.