குட்டி யானைக்கு கார்பெட்டா, ஃபுல் லைனரா? ஜி.எஸ்.டி மிச்சத்தைச் செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

ஷோரூம் வாசலில் புது வண்டி. முகப்பில் மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். சாவி உங்கள் கைக்கு வருவதற்குள் ஒருத்தர் லேமினேட் செய்த அட்டையோடு பக்கத்தில் வந்து நிற்பார். "கேபினுக்கு கார்பெட் மேட், பின்னாடி பாடிக்கு ஃபுல் லைனர். பேக்கேஜா போட்டுடலாமா சார்? ஜி.எஸ்.டி-யில மிச்சமானதுல பாதிகூட ஆகாது!"

2025 செப்டம்பர் 22-க்கு அப்புறம் வண்டி எடுத்தவர்கள் இந்த வசனத்தை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்டிருப்பீர்கள். அன்றிலிருந்துதான் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 8 லட்சம் என்று வைத்துக்கொண்டால், முன்பு 10 லட்சத்து 24 ஆயிரம்; இப்போது 9 லட்சத்து 44 ஆயிரம். நேராக 80,000 ரூபாய் மிச்சம். அந்த வருஷம் அக்டோபர் 1-ல் ஆயுத பூஜை, 20-ல் தீபாவளி வந்தன. சொந்தமா ஒரு லோடு வண்டி எடுத்து ஏதாவது பண்ணலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் அமைந்திருக்காது.

ஆனால் தீபாவளிக்குப் பின்னாடியே நம் ஊருக்கு வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். புது வண்டியின் தரைக்கு மேலே என்ன போடுகிறோம் என்ற கேள்வி, அழகு சமாசாரத்திலிருந்து பணம் சமாசாரமாக மாறுவது அப்போதுதான்.

ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி லோடு அடிக்கும் என் சித்தப்பா, வண்டி எடுத்த அன்றைக்கே பாடி முழுக்க மூடுகிற மாதிரி கறுப்பு பிளாஸ்டிக் லைனர் போட்டுவிட்டார். தொட்டிக்குள் இன்னொரு தொட்டியை இறக்கின மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. கீறல் இல்லை, நசுங்கல் இல்லை. இரண்டு வருஷம் கழித்து எஃப்.சி-க்குப் போகும்போது, சத்தம் வருகிறதே என்று டிங்கரிங் பட்டறையில் லைனரைக் கழற்றினார்கள். கீழே ஒரு விரல் கனத்துக்கு மண். அதில் தக்காளிச் சாறு ஊறிப் புளித்த வாடை. தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டைகள் அடைத்துப்போய், அதைச் சுற்றித் தகடு பொரிந்துபோயிருந்தது. "மேல பளபளன்னு இருந்துச்சேப்பா" என்று சித்தப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். மேலே பளபளன்னு இருந்ததுதான் பிரச்னையே.

ஏன் அப்படி ஆகிறது? இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் வேண்டும். திறந்த தகட்டில் மழை பெய்தால் வெயில் வந்து காய வைத்துவிடும். லைனருக்கு அடியில் புகுந்த தண்ணீருக்கு வெயிலே கிடையாது. ஓரங்களில், ஆணி அடித்த இடத்தில், மூலையில் எப்படியும் அது இறங்கும். இறங்கினால் நாள்கணக்கில் அப்படியே நிற்கும். போதாக்குறைக்கு மணல். வண்டி ஓட ஓட லைனர் அதிரும். இடையில் மாட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைத் தேய்க்கும். பெயின்ட் போன இடத்தில் ஈரம் உட்காரும்.

காசிமேட்டில் மீன் ஏற்றுகிறவர்களுக்கு இது இரட்டைத் தலைவலி. ஐஸ் உருகி வழிவது வெறும் தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். உப்பு சேர்ந்தால் துரு ஓட்டமெடுக்கும். உர மூட்டை, மாடு கன்று ஏற்றுகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தும் உரமும் மாட்டு மூத்திரமும் தகட்டைச் சும்மா விடாது.

அப்போ லைனரே வேண்டாமா? அப்படியில்லை. கழற்ற முடிகிற லைனர் வேண்டும் என்பதுதான் விஷயம். என்னைக் கேட்டால், பெரும்பாலான லோடு வண்டிகளுக்குக் கனமான ரப்பர் மேட்தான் சரி. சரக்கு வழுக்காது, சத்தம் குறையும், சுருட்டி எடுத்து ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்தால் வேலை முடிந்தது. பழைய கன்வேயர் பெல்ட்டை வாங்கி வெட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்க சுமார்தான், உழைப்பில் குறையில்லை. சைடு பலகைகளில் கீறல் விழும்தான். லோடு வண்டி என்றால் கீறல் விழத்தானே செய்யும் பாஸ்!

ஸ்ப்ரே லைனர் இன்னொரு வழி. பாலியூரித்தேன் அல்லது பாலியூரியாவைத் தகட்டின் மேலேயே அடித்து ஒட்ட வைக்கிறார்கள். இடைவெளியே இல்லாததால் தண்ணீர் புகாது. ஆனால் வேலை முழுக்க அடிப்பதற்கு முன்னால்தான் இருக்கிறது. பெயின்ட்டை நன்றாகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, ஈரமே இல்லாமல் காய வைத்து அடிக்க வேண்டும். "காலையில விடுங்க, மத்தியானம் எடுத்துக்குங்க" என்று ஒரு கடை சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். ஏற்கெனவே துரு இருக்கும் தகட்டில் அடித்தால், துருவுக்கு மேலே போர்வை போர்த்திய மாதிரிதான். பிடிக்கவில்லை என்று பிறகு உரித்து எடுக்கவும் முடியாது. அதனால் இது புது வண்டிக்கு மட்டும்.

பாடிக்கு கார்பெட்? அமெரிக்காவில் பிக்-அப் வைத்திருப்பவர்கள் பலர் இதைப் போடுகிறார்கள். பாலிப்ரொப்பிலீன் இழை என்பதால் வீட்டு கார்பெட் மாதிரி தண்ணீரை உறிஞ்சாது. அதன் மேல் முட்டி போட்டு வேலை பார்க்கலாம், படுத்துத் தூங்கலாம். வி-கிராஸ், ஹைலக்ஸ் எடுத்துக்கொண்டு ஏலகிரிக்கு டென்ட்டோடு போகிறவர்களுக்கு, மேலே மூடியும் இருந்தால், சுகமான விஷயம். ஜல்லியும் செங்கலும் ஏற்றுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நம் ஊர் பட்டறைகளுக்குப் பிடித்த வைத்தியம் செக்கர் பிளேட். அடித்தால் உடையாது, மிதித்தால் வளையாது. எடையை மட்டும் யாரும் பேசுவதில்லை. 3 மி.மீ இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 23 கிலோவுக்கு மேல் இருக்கும். சின்ன வண்டியின் பாடி தரை 2.2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 77 கிலோ. 750 கிலோ மட்டுமே ஏற்றக்கூடிய வண்டியில், சரக்கு ஏற்றும் முன்னாலேயே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஒவ்வொரு டிரிப்பிலும் ஒரு ஆளைச் சும்மா ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி. டீசல் செலவு ஒரு பக்கம். ஓவர்லோடில் மாட்டினால், 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாயில்தான் தொடங்குகிறது. கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. அலுமினிய செக்கர் ஷீட் என்றால் எடை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடும், விலை ஏறும்.

இதுவரை சொன்னது பணக் கணக்கு. இனி சொல்வது உயிர்க் கணக்கு, கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ஜெனரேட்டருக்கோ மருந்தடிக்கிற மெஷினுக்கோ பெட்ரோல் வாங்க, பங்க்கில் வண்டியை நிறுத்தி, பின்னாடி இருக்கும் கேனை இறக்காமல் அப்படியே பிடிக்கச் சொல்கிற பழக்கம் உண்டா? அமெரிக்காவில் இப்படிப் பிடிக்கும்போது கேன்கள் தீப்பிடித்த சம்பவங்களைப் பார்த்துவிட்டு, அங்கே தொழில் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனமான நியோஷ் 1998-லேயே எச்சரிக்கை வெளியிட்டது. அந்தச் சம்பவங்களில் கேன் இருந்த இடம் பிளாஸ்டிக் லைனர் போட்ட பிக்-அப்பின் பின்பகுதி, அல்லது கார்பெட் போட்ட காரின் உள்ளே. ஆமாம், நாம் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் அதே இரண்டு அயிட்டங்கள்.

குழாய் வழியாக வேகமாகப் பாயும்போது பெட்ரோல் நிலைமின்னூட்டத்தைச் சேர்த்துக்கொள்கிறது. கேன் தரையில் இருந்தால் அது பூமிக்கு இறங்கிவிடும். பிளாஸ்டிக் மேலேயோ கார்பெட் மேலேயோ இருந்தால் இறங்க வழியில்லை, கேனிலேயே சேரும். உலோக கேன் என்றால் இன்னும் மோசம். நாஸில் பக்கத்தில் வரும்போது ஒரே ஒரு பொறி, அங்கேயோ பெட்ரோல் ஆவி. அதனால் தரையில் விரித்திருப்பது லைனரோ, கார்பெட்டோ, ரப்பரோ, கேனை இறக்கித் தரையில் வையுங்கள். பிடித்து முடிக்கும்வரை நாஸில் கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும். பங்க் ஊழியர் "இறக்குங்கண்ணே" என்று சொன்னால் கோபப்படாதீர்கள்.

கேபினுக்கு வருவோம். இங்கே கார்பெட் மேட், ரப்பர் டிரே, செவன்-டி மேட் என்று எதைப் போட்டாலும் மழைக்காலத்தில் எடுத்து உதற முடிகிறதா என்பதே முதல் கேள்வி. ஈரச் செருப்போடு பத்து முறை ஏறி இறங்குகிற லோடு வண்டியில் கார்பெட் மேட் நான்கே நாளில் நாறிவிடும். ஓரம் உயர்ந்த ரப்பர் டிரே நல்லது. ஆனால் டிரைவர் பக்கம் பெடலுக்கும் மேட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்க வேண்டும், மேட் நகராமல் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2009 ஆகஸ்ட்டில் கலிஃபோர்னியாவில், சர்வீஸுக்கு விட்ட காருக்குப் பதிலாகத் தற்காலிகமாகக் கொடுக்கப்பட்ட லெக்ஸஸ் கார் ஒன்று கட்டுப்பாடில்லாமல் பாய்ந்து, அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். வேறு மாடலுக்கான ரப்பர் மேட் அந்த காரில் போடப்பட்டிருந்தது. அதில் ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டது. அடுத்த மாதமே டொயோட்டா, மேட் பிரச்னைக்காக மட்டும் அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. அதனால் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' மேட்டும் வேண்டாம், பழைய மேட்டுக்கு மேலே புது மேட்டும் வேண்டாம்.

ஒரு குட்டித் தகவல். கார் மேட் என்பது வாகன உதிரிபாகமா, கார்பெட்டா என்று வரிக்காக ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கார்பெட்தான் என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. வண்டிக்கு வரி குறைந்ததால் மேட்டுக்கும் அதே கணக்கு என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பேக்கேஜ் என்றால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் போட்டு பில் கேளுங்கள், வரியையும் பாருங்கள். அன்றைக்கே வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு மாதம் லோடு அடித்துப் பார்த்தால், தரையில் எங்கே அடிபடுகிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று வண்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்கெனவே ஃபுல் லைனர் போட்டுவிட்டீர்களா? வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கூட ஒரு ஆளும் போதும். கழற்றி, மண்ணை வாரி, வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிட்டு, ஒரு நாள் முழுக்க வெயிலில் காய விடுங்கள். கீறல் தெரிந்தால் துரு தேய்த்து பிரைமர் அடித்த பிறகே திரும்ப மாட்டுங்கள். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் எஃப்.சி. அதுவரை காத்திருந்தால் சித்தப்பா கதைதான். அவர் இப்போது ரப்பர் மேட்டுக்கு மாறிவிட்டார். கழற்றிய லைனர் வீட்டுக்குப் பின்னாடி கிடக்கிறது, அதில் மழைத் தண்ணீர் பிடித்து மாட்டுக்கு வைக்கிறார்கள்.