ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்ற தேசம்

ருவாண்டாவுக்கு ஊழியப் பயணம் கிளம்புகிறோம் என்றதும் சபையில் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்கே சுவிசேஷம் போகாத ஊர் இன்னும் இருக்கா?" வந்து இறங்கிய பிறகு அந்தக் கேள்வியே நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. 1994-ல் துட்சி இனத்தார் மேல் ஹூட்டு தீவிரவாதிகள் நடத்திய இனப்படுகொலை தொடங்கியபோதே அந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள். வெட்டியவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், வெட்டுப்பட்டவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். சுமார் நூறு நாட்களில் 8 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள்.

தலைநகர் கிகாலி அத்தனை சுத்தம். பிளாஸ்டிக் பைகளுக்கு 2008 முதலே தடை. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் ஊரே திரண்டு சாலை பெருக்குகிறது, வாய்க்கால் வெட்டுகிறது. மனதாரப் பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அதை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது.

கிகாலிக்குத் தெற்கே நியாமாட்டா என்ற ஊரில் ஒரு கத்தோலிக்க ஆலயம் இருக்கிறது. இப்போது அது நினைவிடம். 1959 முதல் கலவரம் மூண்ட போதெல்லாம் துட்சி மக்கள் ஆலயங்களுக்குத்தான் ஓடினார்கள். பலர் உயிர் பிழைத்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் 1994 ஏப்ரலிலும் வந்தார்கள். இரும்புக் கதவைக் கையெறி குண்டால் பிளந்து உள்ளே புகுந்து, ஆலயத்திலும் வளாகத்திலுமாக ஏறத்தாழ 10,000 பேரைக் கொன்றார்கள். தகரக் கூரையெங்கும் ஓட்டைகள். பெஞ்சுகளில் செத்தவர்களின் உடைகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். செம்மண் நிறத்தில் எல்லாம் ஒன்றுபோல் மங்கிவிட்டன. ஒரு சின்ன கவுனின் முதுகுப் பித்தான்கள் மேலிருந்து கீழ்வரை ஒழுங்காகப் போட்டபடியே இருந்தன. யாரோ ஒரு தாய் அவ்வளவு அவசரத்திலும் பிள்ளைக்கு ஒழுங்காக உடுத்தித்தான் கூட்டிவந்திருக்கிறாள். பீடத்தின் விரிப்பில் இன்னும் ரத்தக்கறை.

அங்கே அடையாள அட்டைகளையும் வைத்திருக்கிறார்கள். ஹூட்டுவா, துட்சியா என்று அட்டையில் பதியும் வழக்கத்தை 1930-களில் பெல்ஜிய ஆட்சி கொண்டுவந்தது. சாலைத் தடுப்புகளில் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் உயிரை எடுத்தார்கள். ஒரே பந்தியில் நற்கருணை வாங்கியவர்கள் மனதிலிருந்து அந்த வரியை ஞானஸ்நானத் தண்ணீர் அழிக்கவில்லை. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகள் இன்னும் உள்ள மாநிலத்திலிருந்து போன எனக்கு, இதைத் தூரதேசத்துச் சங்கதி என்று ஒதுக்க முடியவில்லை.

அதே இனப்படுகொலையின்போது நியாங்கே என்ற ஊரில் ஆலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் மேலேயே கட்டடத்தை புல்டோசர் வைத்து இடித்தார்கள். அதற்குத் துணைபோன பங்குத்தந்தை அத்தனாஸ் செரொம்பாவுக்கு ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2008-ல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதித்தது. திருச்சபையின் பாவங்களுக்காகப் போப் பிரான்சிஸ் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டது 2017-ல்.

இதையெல்லாம் பார்த்த பிறகு மிஷனரி என்ற பெயரையே உதறிவிடத் தோன்றியது. நியாமாட்டா ஆலயத்தின் வெளியே இருக்கும் ஒரு கல்லறைதான் என்னை நிறுத்தியது. அன்டோனியா லோகடெல்லி, இத்தாலியிலிருந்து வந்து அந்த ஊரில் பள்ளிப் பணி செய்தவர். 1992 மார்ச்சில் அங்கே துட்சிகளைக் கொன்றபோது, இது தானாக மூண்ட கலவரம் அல்ல, ஏற்பாட்டோடு நடக்கும் கொலை என்று வெளிநாட்டு வானொலிக்குத் தொலைபேசியில் சொன்னார். அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். உலகம் அன்றே செவிசாய்த்திருக்க வேண்டும். ஊழியம் என்றால் அதுதான்: அந்த ஜனத்தோடு இருப்பது, கண்டதைச் சொல்வது.

அன்று இரவு எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதம். திட்டமிட்டபடி நற்செய்திக் கூட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்றார்கள் சிலர். எங்கள் சபைப் போதகர் அதை நிறுத்திவைத்தார். அங்குள்ள சபையார் எங்களிடம் பிரசங்கம் கேட்கவே இல்லை. அவர்களுடைய தையல் கூட்டுறவில் புருஷனைப் பறிகொடுத்த பெண்களும், கொன்றதற்காகச் சிறைக்குப் போனவர்களின் மனைவிகளும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைக்கிறார்கள். பாதி மெஷின்கள் பழுது. குழுவில் தையற்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மறுநாள் முழுக்க அங்கே உட்கார்ந்து, பாபின் கேஸைக் கழற்றுவது, நூல் அறாமல் டென்ஷன் வைப்பது என்று கைப்பிடித்துக் கற்றுக்கொடுத்தார்.

அடுத்த குழு போகும்போது பிரசங்கியார் ஒருவர் போதும், மெஷின் வேலை தெரிந்தவர்கள் இருவராவது வேண்டும், முதல் நாளே எல்லோரையும் நியாமாட்டாவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சேகரக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.