நிறம் மங்கும், ஒவ்வாமை மங்காது



முதுமையிலும் நரைக்காமல் இருந்ததற்குப் பிசிராந்தையார் புறநானூற்றில் காரணம் கூறுகிறார். அந்தப் பேறு எனக்கு வாய்க்கவில்லை. நாற்பதைக் கடந்ததும் நரை வந்தது. கூடவே அதை மறைக்கும் ஆசையும் வந்தது. நிரந்தரச் சாயத்துக்கு மனம் ஒப்பவில்லை. சில வாரங்களில் மங்கிவிடும் 'செமி பெர்மனண்ட்' சாயம் போதும் என்று எண்ணிக் கடந்த பள்ளி விடுமுறையில் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு பெட்டி வாங்கினேன். 'மூலிகை' என்றும் 'அம்மோனியா இல்லை' என்றும் அதன்மேல் அச்சிட்டிருந்தது.

வீட்டில் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு குப்பிகள்! செமி பெர்மனண்ட் சாயத்துக்குப் பெராக்சைடு தேவையில்லை. அது முடியின் மேற்புறத்தில் படிந்து, தலைகுளிக்கக் குளிக்கக் கரையும். இரண்டைக் கலக்கச் சொன்னால், பெரும்பாலும் அது பெராக்சைடுடன் வினைபுரியும் சாயமே. அவ்வகையில் பாரா-பினைலீன்டையமின், சுருக்கமாகப் பி.பி.டி., அல்லது அதையொத்த பொருள் இருக்கக்கூடும். அறிவுரைத் தாளில் கண்டபடி காதின் பின்னே சிறிது தடவி 48 மணி நேரம் காத்திருந்தேன். இரண்டாம் நாள் அவ்விடம் சிவந்து அரித்தது. பெட்டி குப்பைக்குப் போயிற்று. பின்னர், கலக்கத் தேவையில்லாத, பி.பி.டி. இல்லாத வேறொன்றை அவ்வாறே சோதித்துப் பயன்படுத்தினேன்.

பள்ளி திறந்த அன்று நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், உங்க முடி கறுப்பாயிருச்சே! நான் போட்டப்ப மட்டும் ஏன் கண்டிச்சீங்க?"

முந்தைய தவணையில் அவள் செம்பட்டை நிறத்தில் முடியோடு வந்தபோது, "பள்ளி விதி" என்ற ஒரே சொல்லால் அவள் வாயை அடைத்தவள் நான். இப்போது என் வாய் அடைத்தது.

மாணவர்கள் முடிக்குச் சாயமிடக்கூடாது என்னும் விதியை நான் எதிர்க்கவில்லை. காரணம் கூறாத விதியைத்தான் எதிர்க்கிறேன். தாயும் ஆசிரியையும் சாயமிடுவதைக் காணும் பிள்ளை, 'இது பெரியவர்களின் அதிகாரம்' என்றே முடிவு செய்யும். உண்மைக் காரணம் உடல்நலம். பி.பி.டி.யை ஒருமுறை பகையாகக் கருதிவிட்ட உடல், பொதுவாக வாழ்நாள் முழுதும் அதை மறப்பதில்லை. அடுத்த முறை முகமும் கண்ணிமையும் வீங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய சாயப் பெட்டிகளில், 16 வயதுக்குட்பட்டோர்க்கு உரியதன்று என்ற எச்சரிக்கை இடம்பெற வேண்டும்.

"சில வாரத்தில் போய்விடுமே, விடுமுறையில் ஆசைக்குப் போட்டால் என்ன?" என்று பெற்றோர் கேட்கின்றனர். நிறம் போய்விடும், ஒவ்வாமை போகாது.

பல பிள்ளைகள் இப்பொருளை முதலில் சந்திப்பது தலையில் அன்று, கையில். திருவிழாக்களிலும் சுற்றுலா இடங்களிலும் இடப்படும் 'கறுப்பு மருதாணி'யில் பி.பி.டி. கலந்திருப்பதுண்டு. தூய மருதாணி தோலில் செம்மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோதான் சிவக்கும். சிறிது நேரத்திலேயே கன்னங்கரேலென்று பிடித்தால் ஐயுறுங்கள்.

பெற்றோரே, பதினாறு வயதுவரை பொறுத்திருங்கள். உங்களுக்கென வாங்கும்போதும், சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை நிறுவனத்தின் அறிவிப்பு எண், 'என்.ஓ.டி.' என்று தொடங்குவது, பெட்டியில் உள்ளதா எனப் பாருங்கள். 'மூலிகை' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

ஆசிரிய நண்பர்களே, நிறமிட்டு வந்த பிள்ளையைச் சபைகூடலில் நிறுத்தி நாணச் செய்யாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும்.

மறுநாள் என் காதின் பின்னே நேர்ந்ததை வகுப்பில் கூறினேன். அமைதியாகக் கேட்ட அம்மாணவி, "அப்புறம் ஏன் டீச்சர் திரும்பவும் போட்டீங்க?" என்றாள்.

"வயதாவதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அம்மா" என்றேன். அவள் சிரித்தாள். அவள் கேள்விக்கு நான் அளித்த முதல் நேர்மையான விடை அதுதான்.