காப்போர்க்கும் காவல் வேண்டும்

துன்புற்றோரின் குரல் கேட்டவுடன் விரைந்து சென்று உதவுதல் பேரறம் ஆகும். ஆயினும், துணிவு ஒன்றே அவ்வறத்திற்குப் போதியதாகுமா? தீயணைப்போரும் காவலரும் மருத்துவரும் எத்துணை நெஞ்சுரம் உடையவராயினும், நேர்ந்த தீங்கின் தன்மையை அறியாராயின், பிறரைக் காக்கச் சென்று தாமே இடருக்கு உள்ளாவர். ஜப்பான் நாட்டின் தலைநகராகிய டோக்கியோவில் நிகழ்ந்த கொடுமை ஒன்று இவ்வுண்மையை நன்கு புலப்படுத்தும்.

1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள் காலை, மக்கள் பணிக்கு விரையும் வேளையில், ஓம் சின்ரிக்கியோ என்னும் கூட்டத்தார் ஐந்து சுரங்க இரயில் வண்டிகளில் சாரின் என்னும் நஞ்சைக் கசியவிட்டனர். அது ஆவியாகப் பரவி நரம்புகளைத் தாக்குவது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறியும் பார்வை மங்கியும் வருந்தினர். பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். ஒரு நிலையத்தில் நஞ்சுப் பொதியை அகற்ற முற்பட்ட பணியாளர் இருவரும் உயிர் துறந்தனர்.

மீட்புப் பணிக்குச் சென்ற ஏறத்தாழ 1,360 பேருள் 135 பேர் நஞ்சினால் தாக்குண்டனர். புனித லூக்கா மருத்துவமனைக்கு அன்று மட்டும் 640 பேர் வந்தனர். அவர்தம் ஆடைகளில் தங்கியிருந்த நஞ்சு மருத்துவரையும் செவிலியரையும் வருத்திற்று. நோயாளரின் ஆடையைக் களைந்து, உடலைக் கழுவிய பின்னரே உள்ளே கொணர்தல் வேண்டும் என்னும் பயிற்சி முன்னரே அளிக்கப்பட்டிருப்பின், அத்துன்பம் பெரிதும் குறைந்திருக்கும் அன்றோ?

நஞ்சு இன்னதென்பதும் உடனே விளங்கவில்லை. முதலில் அது வேறொரு வேதிப்பொருள் என்றே கருதப்பட்டது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழிந்த பின்னரே காவல்துறையினர் உண்மையை அறிவித்தனர். ஆனால், 1994ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மட்சுமோட்டோ நகரில் இதே நஞ்சுக்கு மருத்துவம் செய்தோர், தொலைக்காட்சியில் செய்தி கண்டவுடன் அக்குறிகளை உணர்ந்து, டோக்கியோ மருத்துவர்க்குத் தாமாகவே தெரிவித்தனர். ஓர் ஊர் துன்பத்தினால் பெற்ற அறிவு மற்றோர் ஊருக்கு மருந்தாயிற்று. அவ்வறிவு ஒன்பது திங்களுக்கு முன்னரே நாடெங்கும் பகிரப்பட்டிருப்பின் எத்துணை நன்மை விளைந்திருக்கும்!

இத்தகைய செய்திகளைப் பலர்க்கும் உரைத்தால் அச்சம் பெருகும் என்றும், தீயோர்க்கும் அவை பயன்படும் என்றும் சிலர் கூறுவர். நஞ்சை ஆக்கும் முறையை மறைத்தல் தக்கதே. நஞ்சினின்று காக்கும் முறையை மறைத்தல் தகாது. அறியாமையால் விளையும் அச்சமே பெரிது. பயிற்சியோ அச்சத்தைப் போக்கும்.

ஆதலின், தீயணைப்போரும் காவலரும் மருத்துவரும் இரயில் நிலையப் பணியாளரும் அமைதி நிலவும் காலத்திலேயே ஒன்றுகூடிப் பயிலுதல் வேண்டும். ஒரு துறையார் அறிந்ததை மற்றத் துறையார்க்கு அப்பொழுதே உணர்த்துதல் வேண்டும். தம் உயிரைப் பொருட்படுத்தாது பிறரைக் காக்கச் செல்வோரை அறியாமைக்கு இரையாக்குதல் நன்றி மறத்தலே ஆகும்.