திரையும் சோதனைக் குழாயும்

கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தவன் அதியமான். அவன் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. அரிய பொருளைத் தம்மளவில் வைத்துக்கொள்ளாது பிறர்க்கு வழங்குதல் சான்றோர் இயல்பு. பொருள்களுள் அரியது கல்வி. அதுவும் இன்று அவ்வாறே வழங்கப்படுகின்றது.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கூடி 2003ஆம் ஆண்டில் என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. நடுவண் அரசின் 'சுயம்' தளம் 2017இல் தொடங்கப்பெற்றது. பேராசிரியர்கள் நிகழ்த்தும் பாடங்களை இவற்றின் வாயிலாக எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். என்.பி.டி.இ.எல். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தி, தேர்வு நடுவத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். இப்பாடங்களுள் கனிம வேதியியலும் உண்டு. பென்னாகரத்து மாணாக்கன் ஒருவன் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே அணைவுச் சேர்மங்களைப் பற்றிக் கேட்கலாம். விளங்காத இடத்தை மீண்டும் மீண்டும் கேட்கலாம். ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை 'சுயம்' வழியே பயிலப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. இவை பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் கேட்டல் மட்டுமே வேதியியல் ஆகாது. குளோரைடு உப்பின் கரைசலில் சில்வர் நைட்ரேட்டுக் கரைசலைச் சேர்த்தால், தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றும். அம்மோனியாக் கரைசலை ஊற்ற, அது கரைந்து மறையும். இதனைத் திரையில் காணலாம். ஆனால் எத்தனை துளி விடுவது, எப்போது நிறுத்துவது என்பவற்றைக் கையும் கண்ணும் பழகியே அறிதல் வேண்டும். நீந்தும் முறையைக் கரையில் நின்று கேட்டவன் நீச்சல் அறிந்தவன் ஆகான்.

சிற்றூர் மாணாக்கர்க்குத் திரையில் காண்பதே போதும் எனச் சிலர் கூறுவர். இக்கூற்று தருமபுரிக்குச் சிறிதும் பொருந்தாது. இம்மாவட்டத்தில் பல இடங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. பாறைகளிலுள்ள கனிமங்களினின்று அது நீரில் கரைகின்றது. கால்சியம் புளோரைடு அரிதாகவே கரையும் பொருள். ஆதலின் கால்சியம் மிகுந்த நீரில் புளோரைடு கட்டுப்படும். கால்சியம் குறைந்த நீரில் ஓங்கும். உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்துள்ள எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதனை மீறிய நீரைப் பருகி வளரும் சிறுவரின் பற்களில் கறை படியும். மிகுதியான புளோரைடு நெடுங்காலம் உடலிற் சேரின் எலும்புகளும் மூட்டுகளும் கெடும். இத்துன்பம் நீங்கவே, காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பெற்றது.

புளோரைடு மிகுந்த நீருக்குத் தனி நிறமும் இல்லை, மணமும் இல்லை. அளந்தே அதனை அறிய இயலும். கரைதிறன் பெருக்கம் என்னும் பாடத்தைத் திரையில் கேட்கும் மாணாக்கன், தன் ஊர்க் கிணற்று நீரைப் பிழையின்றி அளக்கவும் வல்லவனாயின், அவன் கல்வி ஊரைக் காக்கும். அவன் பிழைபட அளப்பானாயின், தீய நீரை நல்ல நீரென நம்பி ஊரார் பருகுவர். பழகாத கையால் வரும் கேடு அவனோடு நில்லாது.

ஆகவே, அரசுக் கல்லூரிகளும் மேனிலைப் பள்ளிகளும் தம் ஆய்வகங்களை விடுமுறை நாட்களில் இணையவழிப் பயில்வோர்க்கும் திறந்துவைத்தல் வேண்டும். ஆசிரியர் ஒருவர் அருகிருந்து வழிகாட்டுதல் வேண்டும். இப்பாடங்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்திருத்தலின், தமிழில் நல்ல துணைநூல்களும் எழுதப்பெறல் வேண்டும். மாணாக்கரும் பாடம் கேட்டு முடித்ததோடு அமையாது, ஆய்வகத்தை நாடிச் செல்லுதல் கடன். அங்ஙனம் கற்பாராயின், தொலைவிலிருந்து வந்த கல்வி தம் ஊர்க் கிணற்றடியிலும் பயன் தரும்.