கொன்றவன் யாரென்று எங்களுக்கு எப்போதும் தெரியும்

சினிமா ரசிகன் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றினால் அவனைத் 'தரை டிக்கெட்' என்று ஏளனம் செய்ய நம்மூர் அறிவாளிகளுக்கு வாய் கூசுவதில்லை. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் ஹாலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வருஷக்கணக்காக ஒரே துப்பறியும் தொடரைப் பார்க்கிறவரை மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் மூளையால் பார்க்கிறாராம். நியாயத்தின்மேல் உள்ள தாகத்தால் பார்க்கிறாராம்.

இந்த ரசிகரை எனக்கு நன்றாகத் தெரியும். 1997-98இல் சன் டிவியில் வந்த 'மர்மதேசம் - விடாது கருப்பு' தொடரின் குதிரைக் குளம்பொலியை அவர் இன்னும் மறக்கவில்லை. இன்றைக்கும் யூட்யூபில் முதல் பகுதியிலிருந்து திரும்பப் பார்க்கிறார். 1998 தொடங்கி இருபது வருஷம் ஓடிய இந்தி 'சி.ஐ.டி.'யில் தயா கதவை உடைத்ததை இந்தி தெரியாமலே சொல்லிச் சிரிக்கிறார். அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்தவர் என்றால், 1990இல் ஆரம்பித்து 2010இல் நின்று 2022இல் மறுபடி தொடங்கிய 'லா அண்ட் ஆர்டர்' பற்றி நடேசன் பூங்கா நடைப்பயிற்சியில் வகுப்பெடுக்கிறார். கைரேகை, டி.என்.ஏ., சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் அவருக்கு அத்துப்படி. தெரியாதது ஒன்றுதான். எங்கள் வழக்கு.

இந்தப் பைத்தியம் டிவியோடு வந்ததில்லை. 1944இல் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்துப்பட்டுச் செத்தபோது, பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கூண்டில் நின்ற அந்த வழக்கை மதராஸ் பட்டணமே தொடர்கதை மாதிரிப் படித்தது. 1952இல் ஆளவந்தாரின் முண்டம் ரயில் பெட்டியில் ட்ரங்குப் பெட்டிக்குள்ளும், தலை ராயபுரம் கடற்கரையிலும் கிடைத்தபோது வழக்கை வேடிக்கை பார்க்க நீதிமன்றத்தில் கூட்டம் நெரிந்தது. நாற்பது வருஷம் கழித்து, 1995இல், தூர்தர்ஷன் அதையே 'பிரபல கொலை வழக்கு' என்று தொடராக்கியது. ஒரு கொலை 'பிரபலம்' ஆவதற்கு என்ன தகுதி வேண்டும் என்று இந்த ரசிகர்களை ஒருதரம் கேட்டுப் பாருங்கள். செத்தவன் யார், கொன்றவன் யார், எந்தத் தெருவில் என்பதெல்லாம் அதில் சேர்த்தி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். துப்பறியும் தொடர் என்பது ஒரே ஒரு கேள்வியின்மேல் நிற்கிறது: செய்தது யார்? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த நிமிஷமே கதை முடிந்துவிடுகிறது. கதவு உடையும், கையில் விலங்கு ஏறும், ரசிகர் எழுந்து தோசை சாப்பிடப் போவார். கண்டுபிடித்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்பதுதான் அதன் அடியில் ஓடுகிற நம்பிக்கை. போலீஸ் உண்மையைத் தேடும், கோர்ட் உண்மையைக் கேட்கும் என்று பரம்பரையாக அனுபவித்து வந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை ரத்தத்தில் ஊறியது. சேரிக்கு அந்தக் கேள்வியே அந்நியம். எங்களைக் கொன்றவன் யாரென்று எங்களுக்கு எப்போதும் தெரியும். ஊருக்கே தெரியும். போலீசுக்கும் தெரியும். தெரிந்த பிறகுதான் எங்கள் கதையே ஆரம்பிக்கிறது.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள். இதில் என்ன மர்மம்? கீழ்க்கோர்ட் தண்டித்தது. உயர்நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற தோரணையில் தீர்ப்பு வந்தது. எந்தத் திரைக்கதை ஆசிரியருக்கும் இந்தத் திருப்பம் தோன்றாது. தோன்றி எழுதினாலும் 'லாஜிக் இல்லையே' என்று ரசிகர் டிவியை அணைத்துவிடுவார்.

1997 ஜூன் 30. மேலவளவு. தனித்தொகுதியான ஊராட்சியில் தலைவராக ஜெயித்த முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் ஓடுகிற பஸ்ஸை மறித்து, பட்டப்பகலில், பயணிகள் பார்க்க வெட்டினார்கள். 'விடாது கருப்பு' வந்த அதே வருஷம். முகமூடி போட்டுக் குதிரையில் வருகிறவன் யாரென்று தென்சென்னை வாராவாரம் நகம் கடித்தது. மேலவளவில் முகமூடியே இல்லை. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2019 நவம்பரில், மிச்சமிருந்தவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. தொடர் முடிந்து பெயர்கள் ஓடியபிறகு நடக்கிற காட்சி இது. இதற்கு ரசிகர் இல்லை.

அந்தக் கருப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கருப்பன் எல்லைச்சாமி. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டியிருந்தவன், மனு எழுதத் தெரியாதவன், எழுதினாலும் வாங்க ஆளில்லாதவன், சாமியிடம்தான் வழக்குப் போட்டான். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோயிலில் இன்றைக்கும் சனங்கள் பிராது எழுதிக் கட்டுகிறார்கள். கோர்ட் இல்லாதவனின் கோர்ட் அது. அந்த நம்பிக்கையை எடுத்து, இருட்டும் காற்றும் குளம்பொலியும் சேர்த்து, நகரத்து ஹாலுக்குத் திகிலாக விற்றது தொடர். கடைசியில் மனநோய் என்று விளக்கமும் கொடுத்தாகிவிட்டது. சனங்கள் ஏன் சாமியிடம் போனார்கள் என்று மட்டும் யாரும் துப்பறியவில்லை.

அதே விருத்தாசலம் பக்கம்தான் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலையில் முருகேசன் என்ற தலித் இளைஞனையும், அவன் கல்யாணம் செய்துகொண்ட கண்ணகியையும் ஊரார் முன்னிலையில் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். போலீஸ் என்ன செய்தது தெரியுமா? இரண்டு தரப்பும் தங்கள் தங்கள் பிள்ளையைக் கொன்றுவிட்டதாகக் கதை கட்டி, மகனைப் பறிகொடுத்த தலித் குடும்பத்தையும் குற்றவாளியாக்கியது. டிவியில் இன்ஸ்பெக்டர் கதையை அவிழ்க்கிறார். இங்கே அவரே எழுதினார். சி.பி.ஐ.க்குப் போய், 2021 செப்டம்பரில்தான் கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தண்டிக்கப்பட்ட 13 பேரில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. 22 வருஷம். அந்தப் போலீஸ்காரர்களை வைத்து எந்தச் சேனலாவது தொடர் எடுக்குமா?

விஞ்ஞானம் சாதி பார்க்காது என்பது இந்த ரசிகரின் இன்னொரு வேதவாக்கு. வேங்கைவயலுக்குப் போகட்டும். 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம். டி.என்.ஏ. சோதனை என்று ரத்தம் கேட்டு முதலில் வந்தது யாரிடம்? அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடமே. 2025 ஜனவரியில் வெளியான குற்றப்பத்திரிகையில் இருந்ததும் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் பெயர்தான். ஊர்மக்கள் அதை ஏற்கவில்லை. சோதனைக்குழாய் சாதி பார்க்காமல் இருக்கலாம். அதை யார் கையில் திணிப்பது என்று முடிவு செய்கிறவன் பார்ப்பான்.

இதெல்லாம் எங்கோ கிராமத்தில் நடக்கிற கதை, மெட்ராஸில் யாரும் இப்படி இல்லை என்பார்கள். சரி, மெட்ராஸையே பார்ப்போம்.

எங்க அத்தை தி.நகரில் ஒரு வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல வேலை செஞ்சது. ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சுட்டு, ஹால் ஓரமா தரையில உக்காந்து அந்த வீட்டோடு சேர்ந்து துப்பறியும் தொடர் பார்க்கும். 'யாருடி பண்ணியிருப்பா, சொல்லு பாக்கலாம்'னு அந்தம்மா கேட்பாங்களாம். அத்தை சொல்றது பல தடவை சரியா இருக்குமாம். ஒருநாள் வீட்டுச் சங்கிலி காணோம். அதே ஹால், அதே தரை. நேத்து எத்தனை மணிக்கு வந்தே, பெட்ரூமுக்குள்ள எதுக்குப் போனே, உன் பையன் என்ன பண்றான்னு குடும்பமே சுத்தி நின்னு கேட்டாங்க. 'சீரியல்ல வர்ற மாதிரியே கேட்டாங்கடா, ஒருத்தர் அதட்ட, ஒருத்தர் நைஸா பேச'ன்னு அத்தை சொல்லிச்சு. பையைக் கொட்டிப் பார்த்தாங்க. மூணாம் நாள் சங்கிலி பீரோவுக்குள்ளயே, புடவை மடிப்புல கிடைச்சுது. 'நல்லவேளை கிடைச்சுடுத்து'ன்னாங்க. அவ்வளவுதான். மாசச் சம்பளம் வேணுமே, அத்தை வேலையை விடல. ஆனா அதுக்கப்புறம் ஹால்ல உக்காரல.

இப்படிக் கேள்வி கேட்க அந்த வீட்டுக்காரர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? தொடர் மட்டும் கற்றுக்கொடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். 1871இல் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டபோது டிவி இல்லை. பிறப்பிலேயே குற்றவாளி என்ற எண்ணம் இந்த மண்ணில் ஏற்கெனவே விளைந்து கிடந்தது. தொடர் அந்த எண்ணத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியது. சந்தேகப் பட்டியலில் முதலில் வருகிறவர்கள் வேலைக்காரி, டிரைவர், வாட்ச்மேன். ரவுடி என்றால் வடசென்னைப் பேச்சு, கறுத்த உடம்பு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பிடுங்கி, 2000த்திலிருந்து கண்ணகி நகரில் கொண்டுபோய்க் கொட்டிய சனங்களைக் கேளுங்கள். விலாசத்தைச் சொன்னதும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். இடித்தவன் குடிசையை மட்டும் இடிக்கவில்லை, விலாசத்தையும் குற்றமாக்கினான்.

நம் ஆட்கள் டிவியில் பேச இடமே கிடைக்கவில்லையா? கிடைத்தது. 2011இலிருந்து ஜீ தமிழில் 'சொல்வதெல்லாம் உண்மை' என்று ஒரு கோர்ட் நடந்தது. வக்கீல் இல்லை, அப்பீல் இல்லை. ஏழைப் புருஷனும் ஏழைப் பெண்டாட்டியும் கேமரா முன்னால் அழுவார்கள், அடித்துக்கொள்வார்கள். நடத்துகிறவர் கேட்பார், கண்டிப்பார், தீர்ப்பும் சொல்வார். அந்த நாற்காலியில் போயஸ் தோட்டத்துக் குடும்பச் சண்டையையோ அடையாறு போட் கிளப் சொத்துத் தகராறையோ பார்த்தீர்களா? அவர்களுக்குக் குடும்ப மானம் உண்டு. 'என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா' என்ற வசனம் ஊரெல்லாம் கேலியாகி, 2015இல் சினிமாப் பாட்டாகவும் ஆனது. 2018இல் மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. கோர்ட் வாசலில் பத்து வருஷம் காத்துக்கிடக்கிறவனுக்கு, ஒரே நாளில் தன் பேச்சைக் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போகத்தான் செய்வான். போனவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்தக் காத்திருப்பை வியாபாரமாக்கியவர்களைச் சொல்கிறேன்.

'பொழுதுபோக்கில் போய் அரசியல் தேடுகிறீர்களே, சேரியிலும்தானே பார்க்கிறார்கள்' என்பது நம் தோழர்கள் சிலரின் கேள்வி. பார்க்கிறார்கள்தான். எங்க அத்தையைவிடவா நன்றாகத் துப்பறிகிற ரசிகர் இருக்கிறார்? ஒருதரமாவது தப்பு செய்தவன் மாட்டுகிறதைப் பார்க்க அவளுக்கும் ஆசை இருக்கிறது. அந்த ஆசை நியாயமானது. ஹாலில் மேலே உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் தொடர் நிம்மதியைத் தருகிறது. கீழே உட்கார்ந்து பார்க்கிறவளுக்குக் கோபத்தைத் தர வேண்டும். அந்தக் கோபத்தைத்தான் நாம் சேர்த்து வைக்காமல் விட்டுவிட்டோம்.

சேர்த்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கு இருக்கிறது. 2015 ஜூனில் ஓமலூர் இளைஞன் கோகுல்ராஜின் உடல் தண்டவாளத்தில் கிடந்தது, தற்கொலை போலத் தோன்றும்படி. திருச்செங்கோடு மலைக்கோயிலின் கண்காணிப்புக் கேமராவில் அவனைக் கடைசியாகக் கூட்டிப்போனவர்கள் பதிவாகியிருந்தார்கள். தொடர் என்றால் கேமரா காட்சி கிடைத்ததோடு முடிந்திருக்கும். இங்கே அதன் பிறகு முக்கியச் சாட்சியே பிறழ்ந்தார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. மகனை இழந்த தாய் ஒவ்வொரு படியாக ஏறினார். அரசு சிறப்பு வழக்கறிஞராக பவானி பா. மோகன் நின்றார். 2022 மார்ச்சில் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள். மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் தாங்களே அந்தக் கோயிலுக்குப் போய் இடத்தைப் பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். கேமரா தானாகப் பேசாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டியதும் கேமராவில் பதிவானது, டிவியில் திரும்பத் திரும்ப ஓடியது. அதில் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்த பெண்ணின் தகப்பனை 2020இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஆகவே ரசிகர்களுக்கு ஒரு தகவல். நீங்கள் இவ்வளவு காலம் தேடுகிற நீதிமன்றத் தொடர் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் வந்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15ஏ பிரிவு, இச்சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளின் நடவடிக்கை அனைத்தையும் காணொளியில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு எல்லாம் உரிமை என்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இயன்றவரை இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது.

தோழர்களே, மாணவர்களே, உங்கள் மாவட்டத்துச் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போங்கள். அங்கே கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 15ஏ-யைக் காட்டி மனுப் போடுங்கள். சுத்தியலால் மேஜையைத் தட்டுகிற நீதிபதி அங்கே இருக்கமாட்டார். நம்மூர் கோர்ட்டில் எந்த நீதிபதியும் தட்டுவதில்லை, அது டிவிச் சரக்கு. வாய்தா இருக்கும். கூலியை விட்டுவிட்டு நாலாவது தரமாக வந்து, பெயர் கூப்பிடாமலே திரும்பிப் போகிற சாட்சி ஒருத்தி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். எதிர்த்தரப்பு ஆட்கள் எதிரிலேயே நின்று அவளை முறைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். தேதியையும் நடந்ததையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாய்தாவுக்கும் போங்கள்.